ஆன்லைன் மரபியல் வகுப்பு: பிள்ளைகள் கைநழுவிப் போகாமல் நடத்துவது எப்படி?

பட்டாணிக்கொடி:

வணக்கம். கல்லூரி முதலாண்டு மரபியல், முழுக்க ஆன்லைன். 50 நிமிட வகுப்பு, 60 பேர். முக்கால்வாசிப் பேர் கைபேசியில் பார்க்கிறார்கள், கேமரா யாருடையதும் திறந்திருக்காது. பாடம்: மெண்டல், குன்றல் பகுப்பு (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பகுப்பு), பிணைப்பு (ஒரே குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் சேர்ந்தே கடந்துபோவது), மரபுகால்வழி வரைபடம் (ஒரு பண்பு குடும்பத்தில் வரும் வழியைக் காட்டும் படம்).

புன்னட் கட்டம் (பெற்றோரின் மரபணு எழுத்துகளை ஓரத்தில் எழுதிச் சந்ததியைக் கணிக்கும் அட்டவணை) கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிடுகிறார்கள். கட்டத்துக்கு வெளியே ஏன் ஒற்றை எழுத்து, உள்ளே ஏன் இரட்டை எழுத்து என்று கேட்டால் சாட் காலியாகவே கிடக்கிறது. குன்றல் பகுப்புக்கு அனிமேஷன் போட்டால் ரசித்துப் பார்க்கிறார்கள். தேர்வில் 4 குரோமோசோமா 8 குரோமோசோமா என்று தடுமாறுகிறார்கள். ஓங்குபண்பு (ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படுவது) 3, ஒடுங்குபண்பு (இரண்டு பிரதி இருந்தால்தான் வெளிப்படுவது) 1 என்ற மெண்டலின் 3:1 விகிதம் என்றால் ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படியே பிறக்கும் என்று நினைக்கிறார்கள்.

"உற்சாகமாகப் பேசுங்கள்" என்ற அறிவுரை வேண்டாம். எந்தப் பொருளை வைத்து, எந்த வரிசையில், எத்தனை நிமிடம், எங்கே சொதப்பும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

களிமண்:

குன்றல் பகுப்பிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் சொன்ன முதல் இரண்டு சிக்கலுக்கும் வேர் அங்கேதான். அனிமேஷனை விடுங்கள். அதில் எல்லாம் தானாக நகர்கிறது. எது ஏன் நகர்ந்தது என்று கேட்க இடமே கிடைக்காது. கைபேசியை மேசைக்கு மேலே கவிழ்த்து மாட்டி, கீழே குரோமோசோம்களைக் கையால் நகர்த்துங்கள்.

வேண்டியவை: நீலம், ஆரஞ்சு என இரண்டு நிற மாடலிங் களிமண், துணியில் தைக்கும் பிரஸ் பட்டன் 4 ஜோடி, பளபளப்பில்லாத அடர் சாம்பல் அட்டை, ஏ3 அளவு. ஒவ்வொரு நிறத்திலும் 12 செ.மீ. நீளத்தில் இரண்டு, 6 செ.மீ. நீளத்தில் இரண்டு உருளை உருட்டுங்கள், விரல் பருமனுக்கு. மொத்தம் 8. ஒவ்வொன்றின் நடுவிலும் பிரஸ் பட்டனின் ஒரு பாதியைப் பதியுங்கள். ஒட்டினால் ஒரு சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இரட்டைப் பிரதிகள் ஒட்டியிருக்கும் இடம்), பிரித்தால் இரண்டு. சாதாரணச் சட்டைப் பொத்தானில் இந்த வசதி கிடையாது, அதனால்தான் பிரஸ் பட்டன்.

முதலில் அட்டையில் 4 உருளை மட்டும் வையுங்கள்: நீலத்தில் நெட்டை, குட்டை, ஆரஞ்சில் நெட்டை, குட்டை. "நீலம் அம்மாவிடமிருந்து வந்தது, ஆரஞ்சு அப்பாவிடமிருந்து" என்று சொல்லுங்கள். எத்தனை குரோமோசோம்? 4. எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். பிறகு மீதி நான்கையும் கொண்டுவந்து நீலத்தோடு நீலம், ஆரஞ்சோடு ஆரஞ்சு என்று பட்டனை அழுத்தி ஒட்டுங்கள். இப்போது எத்தனை? சாட்டில் 8, 8, 8 என்று கொட்டும். திருத்தாதீர்கள். "பட்டனை எண்ணினால் குரோமோசோம், உருளையை எண்ணினால் டிஎன்ஏ மூலக்கூறு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். குரோமோசோம் 4, டிஎன்ஏ 8. முதல் பகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு செல்லிலும் 2, 4. இரண்டாம் பகுப்பு முடிந்ததும் 2, 2. இந்த எண்களை நீங்கள் எழுதாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கையை நிறுத்தி அவர்களை எழுத வையுங்கள்.

எக்ஸ் வடிவப் படம் பாடநூலெங்கும் இருப்பதால், அதன் ஒரு கை அம்மாவுடையது, மறு கை அப்பாவுடையது என்று நம்புகிற மாணவர்கள் எக்கச்சக்கம். இரண்டு கையும் ஒரே நிறத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் அது கழலும். "இந்த எக்ஸில் அப்பா எங்கே?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் உள்ள ஆரஞ்சு எக்ஸை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

குறுக்கே கலத்தலுக்கு, ஒரு நீல உருளையின் நுனியில் 3 செ.மீ., ஒரு ஆரஞ்சு உருளையின் நுனியில் 3 செ.மீ. கிள்ளி இடம் மாற்றி ஒட்டுங்கள். மற்ற இரண்டையும் தொடக்கூடாது. நான்கையும் மாற்றிவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் மறுசேர்க்கை விழுக்காடு (புதுச் சேர்க்கை பெற்றவற்றின் பங்கு) ஏன் 50-ஐத் தாண்டாது என்பதைப் பிறகு விளக்கவே முடியாமல் போகும்.

அடுத்து குட்டை ஜோடியில் மட்டும் நீலத்தையும் ஆரஞ்சையும் பக்கம் மாற்றி வைத்து, பிரித்தலைத் திரும்பச் செய்து காட்டுங்கள். சார்பின்றி ஒதுங்குதல் (ஒரு ஜோடி பிரிவது மற்ற ஜோடியைச் சாராதது) என்பது இவ்வளவுதான். 2 ஜோடிக்கு 4 வகை கேமீட் (விந்து அல்லது முட்டை செல்). மனிதருக்கு 23 ஜோடி, அதாவது 83,88,608 வகை, குறுக்கே கலத்தலைக் கணக்கில் சேர்க்காமலே. இந்த எண்ணைச் சொல்வதற்கு முன் ஊகிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 46 அல்லது 529 என்று வரும்.

கடைசியில் அந்த உருளைகளிலேயே மரபணு எழுத்தை ஒட்டி எடுத்து, அட்டையில் வரைந்த புன்னட் கட்டத்தின் வெளி ஓரத்தில் வையுங்கள். வெளியே ஏன் ஒற்றை எழுத்து என்ற கேள்வி அதோடு தீர்ந்தது: அங்கே நிற்பது கேமீட், அதில் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் உருளை ஒன்றுதான் இருக்கிறது.

சொதப்பும் இடங்கள்: விளக்குச் சூட்டில் களிமண் இளகி விரலில் ஒட்டும், வகுப்புக்கு 10 நிமிடம் முன்பு குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். கை உள்ளே வரும்போதெல்லாம் கேமரா ஃபோகஸ் தேடி மங்கும், திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். விளக்கு ஒன்றே என்றால் கையின் நிழல் உருளை மேல் விழும். இரண்டு விளக்கை இரு பக்கமும் 45 பாகையில் சாய்த்து வையுங்கள். முழுவதும் 14, 15 நிமிடம் பிடிக்கும். குறுக்கே கலத்தலுக்கு முன்பு ஒரு வாக்கெடுப்பு வைத்து இரண்டாகப் பிரிப்பது நல்லது.

சன்னல்வெளிச்சம்:

களிமண் சொன்னதோடு சில்லறை விஷயங்கள். சில்லறைதான், ஆனால் பாதிக் குழப்பம் இதில்தான் பிறக்கிறது.

எழுத்துத் தேர்வு. ஆங்கிலத்தில் சி, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட், ஓ ஆகியவற்றில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒரே வடிவம். கையால் எழுதும்போது கே, ஒய் கூட அப்படித்தான். 6 அங்குலத் திரையில் கலப்பின ஜோடியும் தூய ஜோடியும் ஒன்றுபோலவே தெரியும். ஆர், ஜி, ஏ, டி, ஈ போன்றவற்றில் இரண்டு வடிவமும் நன்றாக வேறுபடும். விதை வடிவத்துக்கு ஆர் வைத்திருப்பது நல்லது. விதை நிறத்துக்குப் பாடநூல் ஒய் என்கிறது. அதை விட மனமில்லை என்றால் சின்ன எழுத்துக்கு எப்போதும் அடிக்கோடு போடுங்கள், பருவம் முழுக்க மாறாமல்.

நிறம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எங்கேயும் வரவேண்டாம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறை உண்டு. மற்ற மக்களிடம் கொஞ்சம் குறைவு. எக்ஸ் சார் மரபை (எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு வழி வரும் பண்பை) நடத்தும் வகுப்பிலேயே அந்தப் பண்பு உள்ளவரை வெளியே நிறுத்துவது போலாகிவிடும். நீலம்–ஆரஞ்சு எல்லோருக்கும் பிரிந்து தெரியும்.

ஒலி. படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கரகரத்தால் போய்விடுவார்கள். மைக் வாயிலிருந்து 15–20 செ.மீ., நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில். மின்விசிறியை நிறுத்துங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை அதிகபட்சத்தில் வைத்தால் சொற்களின் எழுத்துகளை விழுங்கிவிடும். "ஓங்கு", "ஒடுங்கு" இரண்டும் காதில் ஒன்றாகவே விழும். நடுத்தர அளவு போதும்.

ஸ்லைடு எழுத்து 28 புள்ளிக்குக் கீழே போகவேண்டாம். 16 கட்டப் புன்னட் படத்தைக் கைபேசியில் யாராலும் படிக்க முடியாது. இருபண்புக் கலப்புக்குக் கட்டத்தையே விட்டுவிட்டுக் கிளைமுறைக்குப் போங்கள்: 3/4 × 3/4 = 9/16. மூன்று பண்பு வந்தால் 64 கட்டம், கிளைமுறையில் ஒரே ஒரு பெருக்கல் கூடும்.

பதிவு செய்து போடுவதானால் ஒரு துண்டு 6 நிமிடம். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை அலசிய 2014 ஆய்வு ஒன்று உண்டு. 6 நிமிடத்துக்கு உட்பட்டவற்றைத்தான் மாணவர்கள் அதிகம் பார்த்து முடித்தார்கள். கையால் எழுதிக்கொண்டே பேசுவது ஸ்லைடைவிட எடுபட்டது. சற்று வேகமாக, ஆர்வத்தோடு பேசியவர்களை அதிக நேரம் பார்த்தார்கள். ஆக, மெதுவாகப் பேசினால் புரியும் என்பது எப்போதும் சரியில்லை. புதுக் குறியீடு வரும் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள்.

ஈக்கூண்டு:

3:1 பற்றி. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, எண்ண வைக்கவேண்டும். விகிதத்தை நடத்துவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், வரிசை முக்கியம்.

ஆளுக்கு இரண்டு நாணயம், 16 முறை சுண்டவேண்டும். இரண்டும் பூ விழுந்தது எத்தனை முறை என்று ஒரே ஒரு எண்ணைக் கூகுள் ஃபார்மில் போடவேண்டும். 5 நிமிடம். எதற்கு என்று சொல்லாதீர்கள்.

எதிர்பார்ப்பு 4 (16-இல் கால் பங்கு, 3:1-இல் உள்ள அந்த 1). ஆனால் சரியாக 4 கிடைக்கும் வாய்ப்பு 22.5 விழுக்காடுதான், 60 பேரில் 13 அல்லது 14 பேருக்கு. பலருக்கு 2 முதல் 6 வரை எங்காவது விழும். அவ்வப்போது ஒருவருக்கு 0 வரும். அதன் வாய்ப்பு நூற்றில் ஒன்று. இப்போது எல்லோருடையதையும் கூட்டுங்கள்: 960 சுண்டலில் 240-ஐ ஒட்டி, பெரும்பாலும் 213-க்கும் 267-க்கும் இடையில் நிற்கும். ஆளாளுக்குத் தாறுமாறு, கூட்டினால் ஒழுங்கு. இதைத் திரையில் பார்த்தபிறகு "நான்கு பிள்ளையில் ஒன்றுக்கு நோய் நிச்சயம்" என்று எழுதும் கை கொஞ்சமாவது தயங்கும்.

ஒரு எச்சரிக்கை. 3:1 முன்பே தெரிந்த வகுப்பில் பாதிப்பேர் சுண்டாமலேயே 4 என்று போட்டுவிடுவார்கள். 60 பேரில் 30 பேர் 4 என்றால் அது நாணயம் சொன்னதில்லை. அதையும் வீணாக்கவேண்டாம். "இத்தனை நான்கு வர வாய்ப்பே இல்லையே" என்று வரைபடத்தைக் காட்டி, பொய்த் தரவு எப்படி அகப்படுகிறது என்று நடத்திவிடலாம். மெண்டலின் எண்கள் அளவுக்கு மீறிப் பொருந்துகின்றன என்று புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் 1936-இல் எழுப்பிய கேள்விக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

பிறகு மெண்டலின் எண்களைக் கொடுங்கள். மொத்தத்தை முதலில் காட்டக்கூடாது. ஒரு செடியில் 43 வழுவழு விதை, 2 சுருங்கிய விதை. இன்னொரு செடியில் 14, 15. இரண்டும் 1866-இல் வெளியான அவர் கட்டுரையிலேயே இருப்பவை. "இதைப் பார்த்து விதி சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்கும் ஓடாது. அதற்குப் பிறகு மொத்தம்: 253 கலப்பினச் செடி, 7,324 விதை, 5,474-க்கு 1,850, அதாவது 2.96-க்கு 1. தனித்தனிச் செடிக்குப் பின்னே போகாமல் அவர் கூட்டினார் என்பதுதான் பாடம்.

பிணைப்புக்கும் இதே உத்திதான். பழ ஈயின் உடல் நிறம், இறக்கை அளவு, சோதனைக் கலப்பு (இரு பண்பிலும் ஒடுங்கிய ஈயோடு கலப்பது), சந்ததி 2,300. தனித்தனியாக ஒதுங்கினால் நான்கு வகையும் எத்தனை வரும் என்று கேளுங்கள். 575 என்பார்கள். எழுதி வையுங்கள். இப்போது உண்மையான எண்கள்: 965, 944, 206, 185. நான்கு எண்ணையும் ஒரே ஸ்லைடில் கொட்டாதீர்கள். 965 என்று எழுதி நிறுத்துங்கள். 944 என்று எழுதி நிறுத்துங்கள். அந்த இடத்தில் வாயைத் திறக்கக்கூடாது. 20 விநாடி மௌனம். ஏதோ தவறு என்று சாட் சலசலக்கும். பெற்றோரைப் போன்றவை எவை, புதுச் சேர்க்கை எவை என்று அவர்களே பிரிக்கட்டும். 206 + 185 = 391; 391-ஐ 2,300-ஆல் வகுத்தால் 17 விழுக்காடு. களிமண் சொன்ன உருளையை உடனே எடுத்து, இரண்டு மரபணுவையும் ஒரே உருளையில் ஒட்டி, கிள்ளும் இடம் அவை இரண்டுக்கும் நடுவே விழுந்தால்தான் புதுச் சேர்க்கை என்று காட்டிவிடுங்கள். தூரம் கூடினால் நடுவே விழும் வாய்ப்பும் கூடும். இதை வைத்தே அமெரிக்க மரபியலாளர் ஸ்டர்ட்டிவன்ட் இளங்கலை மாணவராக இருந்தபோது முதல் மரபணு வரைபடத்தைப் போட்டார், 1913-இல் வெளியானது. உங்கள் மாணவர்களின் வயதுதான் அவருக்கும்.

நேரம் மிச்சமிருந்தால் 1910-இன் வெள்ளைக்கண் ஈ. பழ ஈ ஆய்வாளர் மார்கனின் இரண்டாம் சந்ததி: சிவப்புக்கண் பெண் 2,459, சிவப்புக்கண் ஆண் 1,011, வெள்ளைக்கண் ஆண் 782. "இந்த அட்டவணையில் எது இல்லை?" என்று மட்டும் கேளுங்கள். வெள்ளைக்கண் பெண் ஒன்றுகூட இல்லை என்பதை அவர்களே கண்டுபிடிக்கவேண்டும். கூர்மையானவர் ஒருவர் 782 ஏன் 1,011-ஐவிடக் குறைவு என்று கேட்பார். வெள்ளைக்கண் ஈக்கள் பிழைத்து வருவது குறைவு என்பதுதான் பதில்.

பட்டாணிக்கொடி:

எல்லோருக்கும் நன்றி. பிரஸ் பட்டன் யோசனை அருமை. இன்னும் இரண்டு. மரபுகால்வழி வரைபடத்தை எப்படி ஆரம்பிப்பது? நாக்கை மடிப்பது, காதுமடல் என்று அவரவர் குடும்பத்தை வரையச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அப்புறம், சாட்டில் எப்போதும் அதே நான்கு பேர்தான் பதில் போடுகிறார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள்.

இலைநரம்பு:

இரண்டாவது எளிது. "எல்லோரும் பதிலைத் தட்டச்சு செய்து வையுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்" என்று சொல்லி 40 விநாடி விடுங்கள். பிறகு "அனுப்புங்கள்". 60 பதிலும் ஒரே நேரத்தில் விழும், யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது. வாக்கெடுப்பு வைத்தால் 60–75 விநாடி திறந்திருக்கட்டும்; இணைப்பு தாமதத்திலேயே சில விநாடி போய்விடும். முடிவை உடனே காட்டாதீர்கள். சரியான விடை 30-க்கும் 70-க்கும் இடைப்பட்ட விழுக்காட்டில் இருந்தால் சிறு குழுக்களாகப் பிரித்து 3 நிமிடம் வாதாடவிட்டு, அதே கேள்விக்குத் திரும்ப வாக்கெடுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் இயற்பியலுக்குக் கொண்டுவந்த முறை. மரபியலுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். 30-க்குக் கீழே என்றால் வாதாட விடாதீர்கள், தவறுதான் பரவும். திரும்ப நடத்துங்கள்.

முதலாவதற்கு: வேண்டவே வேண்டாம். நாக்கு மடிப்பு ஒற்றை மரபணுப் பண்பு என்பது 1940-இல் ஸ்டர்ட்டிவன்ட் முன்வைத்தது. 1952-லேயே ஒருகரு இரட்டையரில் ஒருவர் மடிக்கிறார், மற்றவர் மடிக்கவில்லை என்று காட்டிவிட்டார்கள். பிறகு அவரே அதைக் கைவிட்டார். காதுமடலும் ஒட்டியது, தொங்குவது என்று இரண்டாகப் பிரிவதில்லை. இடைப்பட்டவை ஏராளம், பல மரபணுக்களின் வேலை. இவற்றை வைத்துக் குடும்பப் படம் வரைந்தால் "அம்மா அப்பா இருவருக்கும் மடிக்க வராது, எனக்கு வருகிறதே, அப்படியானால்..." என்று ஒரு பிள்ளை யோசிக்கும். இல்லாத சந்தேகத்தை வீட்டுக்குள் அனுப்பி வைக்கிறோம். இரத்த வகையிலும் இதே ஆபத்து. 1952-இல் விவரிக்கப்பட்ட பம்பாய் இரத்த வகையில் ஏ அல்லது பி மரபணு இருந்தும் சோதனையில் ஓ என்றே காட்டும், ஏனென்றால் அவை ஏறி உட்கார வேண்டிய எச் பொருளே அங்கே உருவாவதில்லை. மரபணு மறைப்புக்கு (ஒரு மரபணு இன்னொன்றின் விளைவை மறைப்பது) அட்டகாசமான எடுத்துக்காட்டு. சொந்தக் குடும்பத்தை விட்டு இதை நடத்துங்கள்.

படத்தை ஸ்லைடில் முழுதாகப் போடாமல் வெள்ளைத்தாளில் ஒவ்வொரு கோடாக வரையுங்கள். முதல் கேள்வி "இது எந்த மரபு முறை?" என்று இருக்கக்கூடாது. "எது இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்?" என்று கேளுங்கள். பாதிப்பில்லாத இருவருக்குப் பாதித்த மகள் பிறந்தாள். ஓங்குபண்பு அடிபட்டது. அப்பாவுக்குப் பாதிப்பில்லை, மகளுக்கு உண்டு. எக்ஸ் சார் ஒடுங்குபண்பும் அடிபட்டது. மிச்சம் ஆட்டோசோம் (பால் குரோமோசோம் அல்லாதது) ஒடுங்குபண்பு. துப்பறிவது போலப் போகும். நிஜத்தில் புதுத் திடீர்மாற்றம், முழுதாக வெளிப்படாத ஓங்குபண்பு எல்லாம் உண்டு. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

அதே படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பாதிப்பில்லாத தம்பி ஒருவனை வரையுங்கள். "இவன் தாங்கியாக (நோயில்லாமல் ஒரு கெட்ட பிரதி மட்டும் உள்ளவனாக) இருக்கும் வாய்ப்பு எவ்வளவு?" 1/4, 1/2, 2/3, 3/4 என்று நான்கு தெரிவு. பெரும்பான்மை 1/2-க்குப் போகும். விடையைச் சொல்லாதீர்கள். நான்கு துண்டுச் சீட்டு எழுதிக் கேமராவின் கீழே பரப்புங்கள்: இரண்டும் பெரிய ஏ; பெரியது–சின்னது; சின்னது–பெரியது; இரண்டும் சின்னது. "தம்பிக்கு நோய் இல்லை. அப்படியானால் இவற்றில் எந்தச் சீட்டு அவனாக இருக்க முடியாது?" இரண்டும் சின்ன ஏ என்று வரும். அந்தச் சீட்டை எடுத்துக் கசக்கிக் கேமரா பார்வைக்கு வெளியே எறியுங்கள். கசங்கும் சத்தம் மைக்கில் விழட்டும். மூன்று மிச்சம், அதில் இரண்டு தாங்கி. 2/3.

ஓடுகிற வகுப்பு என்றால் அடுத்த படி: அவன் தாங்கி என்று உறுதியான பெண்ணை மணக்கிறான், முதல் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 2/3 × 1/4 = 1/6. முதல் குழந்தை நலமாகப் பிறந்துவிட்டது; இப்போது அவன் தாங்கியாக இருக்கும் வாய்ப்பு 2/3-லேயே நிற்குமா? நிற்காது, 3/5-க்கு இறங்கும். தாங்கியாக இருந்து நலமான குழந்தை பிறக்க 2/3 × 3/4 = 1/2; தாங்கியாக இல்லாமல் இருக்க 1/3; மொத்தம் 5/6; அதில் 1/2-இன் பங்கு 3/5. பிறந்த குழந்தை அப்பாவின் மரபணுவைப் பற்றித் தகவல் சொல்கிறது என்பது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். அதற்கே 5 நிமிடம் ஒதுக்கலாம்.

மூவண்ணப்பூனை:

எல்லோரும் நடுப்பகுதியைச் சொல்லிவிட்டார்கள், தொடக்கத்தை யாரும் தொடவில்லை. முதல் 40 விநாடியில் கலைச்சொல்லே வரக்கூடாது, புதிர் வரவேண்டும். எக்ஸ் முடக்கம் (பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்துபோவது) நடத்தும் நாளில் இரண்டு பூனைகளை அருகருகே காட்டுங்கள்: ஒன்று வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு கலந்த மூவண்ணப் பூனை, மற்றது ஆரஞ்சே இல்லாதது. "இரண்டாவது, முதலாவதன் குளோன். ஏன் ஒன்றுபோல இல்லை?" 2001 டிசம்பரில் டெக்சாஸில் பிறந்த முதல் குளோன் பூனையின் கதை அது. உட்கரு எடுத்த செல்லில் ஆரஞ்சு அல்லீல் (மரபணுவின் ஒரு வடிவம்) இருந்த எக்ஸ் ஏற்கெனவே முடங்கியிருந்தது, குளோனிலும் அப்படியே நின்றுவிட்டது. வழக்கமாக ஒரே எக்ஸ் உள்ள ஆண் பூனைக்கு மூவண்ணம் ஏன் அபூர்வம் என்பது அதிலிருந்து தானாக விழும்.

"ஓங்கு" என்ற சொல்லே ஒரு வம்பு. ஓங்கியது வலியது, பரவலானது, ஒடுங்கியதை அமுக்குவது என்று மூன்று பிழை அதில் ஒளிந்திருக்கிறது. பரவலானது என்பதை உடைக்க ஒரே வரி போதும்: கூடுதல் விரல் ஓங்குபண்பாகக் கடந்துவரும், ஆனால் அபூர்வம்; ஓ இரத்த வகை ஒடுங்குபண்பு, ஆனால் எங்கும் உண்டு. அமுக்குவது என்பதை உடைக்கப் பட்டாணியின் உள்ளே போகவேண்டும். சுருங்கிய விதையில் மாவுச்சத்தைக் கிளைக்கவைக்கும் நொதியின் மரபணுவுக்குள் சுமார் 800 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு நுழைந்து கெடுத்துவிட்டது என்று 1990-இல் கண்டார்கள். நொதி இல்லை, மாவுச்சத்து குறைவு, சர்க்கரை தேங்குகிறது, சர்க்கரை தண்ணீரை இழுத்து விதை உப்புகிறது, காயும்போது தண்ணீர் போய்த் தோல் சுருங்குகிறது. ஒரு நல்ல பிரதி இருந்தாலே வடிவத்துக்குப் போதுமான நொதி கிடைத்துவிடுகிறது. யாரும் யாரையும் அமுக்கவில்லை. உலர்ந்த திராட்சையைக் கேமரா முன் பிடித்தால் பேச்சே வேண்டாம்.

கதிரரிவாள் செல் நோயை எடுத்தால் ஒரே அல்லீல் மூன்று வேடம் போடும். நோய் என்று பார்த்தால் ஒடுங்குபண்பு. புரதத்தைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து தெரியும், இணை ஓங்குதன்மை. கடும் மலேரியாவுக்கு எதிராக ஒரு பிரதி இருப்பவருக்கே ஆதாயம். காரணம் ஒற்றை எழுத்து: ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆனது, குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் வந்தது. இதைக் கையாலேயே செய்ய வைக்கலாம். அந்த இரத்தப் புரதமான பீட்டா குளோபினின் மரபணுவிலிருந்து 60 எழுத்துகளைச் சாட்டில் ஒட்டி, டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் தளத்தில் தேடச் சொல்லுங்கள். படமாகக் கொடுக்காதீர்கள், படத்திலிருந்து நகலெடுக்க முடியாது. 60 பேரும் ஒரே நேரத்தில் போனால் வரிசை நீளும், ஐவருக்கு ஒரு தேடல் போதும். முடிவின் ஸ்கிரீன்ஷாட்டை முன்கூட்டியே எடுத்து வைத்திருங்கள். மனிதனோடு சிம்பன்சியும் பட்டியலில் வந்து நிற்கும். பீட்டா குளோபின் புரதத்தில் இரண்டுக்கும் ஒரு அமினோ அமில வித்தியாசம்கூடக் கிடையாது.

சன்னல்வெளிச்சம்:

வீட்டில் செய்ய ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் டிஎன்ஏ பிரிப்பதைக் கொடுக்கலாம், ஒரு திருத்தத்தோடு. 100 மி.லி. தண்ணீர், 10 மி.லி. பாத்திரம் கழுவும் திரவம், அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டு மூன்று ஸ்ட்ராபெரியை உறையில் போட்டுக் கையால் நசுக்கி, இந்தக் கரைசலில் 3 தேக்கரண்டி சேர்த்து, நுரை வராமல் பிசைந்து வடிகட்டவேண்டும். மிக்சி வேண்டாம், இழை அறுந்துபோகும். வடிநீர் அளவுக்கே, உறைபெட்டியில் குளிரவைத்த 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆல்கஹாலைக் கண்ணாடியின் ஓரமாகச் சாய்த்து ஊற்றவேண்டும். வேகமாக ஊற்றினால் இரண்டும் கலந்து எல்லை தெரியாமல் போகும். 70 விழுக்காட்டுக் கைச்சுத்திகரிப்பானில் தண்ணீர் அதிகம், சரியாகத் திரளாது. எரியும் பொருள் என்பதால் அடுப்பில்லாத அறை, திறந்த சன்னல்.

திருத்தம் இதுதான்: மேலே எழும் வெள்ளைக் குழைவு முழுவதும் டிஎன்ஏ இல்லை, பெக்டினும் புரதமும் ஆர்என்ஏவும் கூடவே திரண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் இழை ஒற்றை மூலக்கூறும் இல்லை, கோடிக்கணக்கானவை சுருண்ட கட்டு. இதைச் சொல்லாமல் விட்டால் "இரட்டைச் சுருளை நேரில் பார்த்தேன்" என்று தேர்வில் எழுதிவிடுவார்கள். வழக்கமாக ஸ்ட்ராபெரியை எடுப்பது ஏன் என்று கேளுங்கள். பயிரிடும் வகைக்கு எட்டுத் தொகுதி குரோமோசோம். அங்கிருந்து பன்மடியத்துக்குப் போய்விடலாம்.

களிமண்:

ஒன்று விட்டுப்போச்சு. கவிழ்த்து மாட்டிய கேமராவில் உங்கள் கை தலைகீழாகத் தெரியும். வகுப்புக்கு முன்பே படத்தை 180 பாகை திருப்பி வையுங்கள், முன்கேமரா என்றால் கண்ணாடிப் பிம்பம் போல் காட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சீட்டில் உள்ள எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி, சின்ன பி சின்ன டி ஆகிவிடும்.